4417 ஒன்றா, இரண்டா?

எங்கள் வானியல் ஆய்வகத்தில் தோ சேரோம் பேசத் தொடங்கிய மூன்றாவது நிமிடமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் குடித்த காபிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். கருத்தரங்கு அறையில் இருபத்திரண்டு பேர் நாற்காலி நுனிக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடமாக அதே அறையில் நானும் பேசியிருக்கிறேன். என் பேச்சின்போது எல்லோரும் கைபேசியைத்தான் பார்த்திருக்கிறார்கள். காபி பாவம், அதன்மேல் என்ன தப்பு. அது பொறாமைதான்.

நட்சத்திரங்கள் ஆயுளில் பெரும்பகுதியை ஒரே மாதிரி கழிக்கின்றன. நடுவில் இருக்கும் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டு, நிறத்துக்கு ஏற்ற வெளிச்சத்தோடு, முதன்மை வரிசை என்று நாங்கள் சொல்கிற இடத்தில் அடக்கமாக இருக்கும். நடுவில் எரிபொருள் தீர்ந்ததும்தான் கூத்து. உள்ளே சுருங்கி, வெளியே பெருத்து, வரிசையை விட்டு விலகி, கடைசியில் சிவப்பு அரக்கனாக ஊதிப்போகும். ஆனால் அப்படி விலகுகிற முதல் அடியிலேயே ஒன்றைப் பிடிப்பது சாமானியமில்லை. அதன் ஆயுளோடு ஒப்பிட்டால் அது கண்மூடித் திறக்கிற நேரம். எங்கள் துறையில் பாதிப் பேர் அப்படி ஒன்று கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறோம். சேரோமுக்குக் கிடைத்துவிட்டது.

"இதோட பட்டியல் எண் 4417," என்றாள்.

"ரெண்டு நாலு இருக்கே, விளங்குமா?" என்றார் பேராசிரியர் பாங். எங்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஓசை, லிஃப்டில்கூட நாலாம் எண்ணை வைக்காத ஊர் எங்கள் ஊர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதனாலதான் சார் இத்தன நாளா யாரும் சீண்டல," என்றாள் சேரோம். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 4417ஐ நான் சீண்டியிருக்கிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன், மலைமேல் இருக்கிற எங்கள் தொலைநோக்கியில் அதன் நிறமாலையை எடுத்தவளே நான்தான். சுசோக் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். தொலைநோக்கியை ஒருவரும் கேட்கமாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவள், கல்யாணமாகாதவள் என்று அந்த நாளை என் தலையில் கட்டினார்கள். வேலை முடிந்து நேரம் மிச்சமிருந்தது. பட்டியலில் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தேன். பிறகு கணினி தந்த விடையை மட்டும் பார்த்து, 4417க்கு நேரே 'சாதாரணம்' என்று எழுதி மூடிவிட்டேன். யோம் மிரான் என்கிற என் பெயர் போட்ட கோப்பில் அது ஒன்பது வருடமாகத் தூங்குகிறது.

கருத்தரங்கு முடிந்ததும் சேரோம் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, கல்குக்சு சாப்பிடப் போலாமா? நான் வாங்கித் தரேன்."

போனோம். சூடான நூடுல்ஸை முதலில் என் கிண்ணத்தில் போட்டாள். கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டி என் பக்கம் நகர்த்தினாள். ஜெர்மனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவள், முப்பத்து நாலு வயது, அம்மாவுக்கு ஒரே பெண். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! கோபப்பட ஒரு காரணமும் தரமாட்டேன் என்கிறாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குத் தயாராயிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நேர்காணல். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று, அதற்குக் கடைசி வரை வந்தவர்கள் நாங்கள் இருவர். இதற்கு முன் மூன்று முறை நான் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இனி நீட்டிக்க விதியில்லை என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் என்னை வேறு எந்த ஆய்வகம் எடுக்கும்?

"தயாரா என்ன, எப்பவும் போலத்தான்," என்றேன்.

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு பழைய கோப்புகளைத் தோண்டினேன். 4417ஐ எடுத்து, முதல்முறையாகக் கணினியை நம்பாமல் என் கண்ணால் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் என்றால் நிறமாலையில் ஒரு தொகுதிக் கோடுகள்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு தொகுதிகள் இருந்தன. ஒன்று நொடிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதன் பக்கத்தில், கொஞ்சம் மெலிந்து, இருபத்தொரு கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிற இன்னொன்று.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! எழுந்து நின்று கைதட்டினேன். நாற்பது வாட் பல்பு இரண்டைச் சேர்த்து வைத்தால், தூரத்தில் இருப்பவனுக்கு எண்பது வாட் பல்பு ஒன்று எரிகிற மாதிரிதான் தெரியும். 4417 நிறத்துக்கு மீறிய வெளிச்சத்தோடு இருப்பதால் அது பெருக்க ஆரம்பித்துவிட்டது என்கிறாள் சேரோம். அது இரண்டு என்றால் பெருக்கவும் இல்லை, விலகவும் இல்லை. வரிசையில் ஒழுங்காக இருக்கிற இரண்டு சாதாரணங்கள். அவளிடம் இருந்தது மங்கலான நிறமாலை, அதில் கோடுகளைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. கூர்மையான நிறமாலை உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

இன்னொரு முறை சரிபார்த்திருக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றின. இரண்டையும் வேண்டுமென்றேதான் செய்யவில்லை.

புதன்கிழமை குழுக் கூட்டத்தில் எல்லோரும் கிம்பாப் சோற்றுருளைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது படத்தைத் திரையில் போட்டேன்.

"சேரோம், தப்பா நெனச்சுக்காத. நேத்து பழைய கோப்பைப் பாத்தேன். உன் நட்சத்திரம் ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றேன். குரலில் வருத்தம் இருக்கிற மாதிரி பேச வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

பாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அடேயப்பா. ரெண்டு தொகுதிதான். மிரான், நீ எடுத்ததா?"

"ஆமா சார். ஒன்பது வருஷம் ஆச்சு."

"இதை இத்தன நாளா வெளிய சொல்லாம வச்சிருந்தியா?" குரலில் பாராட்டு இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் பாராட்டு. "சேரோம், பத்திரிகைக்கு அனுப்பின குறிப்பை நிறுத்தி வை. நீ என்ன சொல்ற?"

சேரோம் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். படத்தின் கீழ்மூலையில் அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

"நல்லாப் பாத்திருக்கீங்க அக்கா. நான் யோசிக்கிறேன்," என்றாள்.

அன்று நான் இரண்டு கிம்பாப் சாப்பிட்டேன். அவள் தன் பொட்டலத்தை அப்படியே சுருட்டி வைத்துக்கொண்டு போனாள். நான் சாப்பிட்ட கிம்பாப்பிலேயே ருசியானது அதுதான் என்று இன்றைக்கும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

வியாழக்கிழமை காலை மலைக்குப் போன் போட்டேன். தொலைநோக்கியை இயக்குகிறவர் கில் அண்ணன். புதிதாக ஒரு நிறமாலை எடுத்து இரட்டைதான் என்று முத்திரை குத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

"அண்ணே, அடுத்த வாரம் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க."

"யாரு, மிரானா? என்னம்மா குரல்ல ஒரே குஷி. கல்யாணமா?"

"அதைவிடப் பெருசு. ஒன்பது வருஷம் முந்தி நம்ம ரெண்டு பேரும் எடுத்தோமே 4417, அது ரெட்டைன்னு கண்டுபிடிச்சிருக்கேன். சுசோக் அன்னைக்கு எடுத்தது, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? என் பொண்டாட்டி குடுத்துவிட்ட சோங்பியோனை ஒருத்தியே காலி பண்ணினவளாச்சே நீ. வெளிய படிக்கட்டுல உக்காந்துகிட்டு, விளக்கு போடாமலே பச்சைக் கொழுக்கட்டையா பாத்துப் பாத்துப் பொறுக்கினே. எனக்கு வெள்ளையை மட்டும் தள்ளிவிட்டே."

"விளக்கு இல்லாம எப்படிண்ணே பச்சை தெரியும்?"

"நல்லாக் கேக்குறே. நிலா அப்படிக் காய்ஞ்சுதே! மெல்லிசா மேகம் வேற. வானம் பூரா பாலை ஊத்திவிட்ட மாதிரி இருந்துச்சு. இதுல போயி என்னத்த எடுக்கப் போறேன்னு நான்கூடத் திட்டினேன். சும்மா கெடக்கிற நேரம்தானேண்ணேன்னு சொன்னே."

அண்ணன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

சுசோக் என்றால் நிலாக் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமி. இது தெரிய வானியல் படிக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய வெளிச்சத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. மேகத்தில் பரவிய நிலவொளி நட்சத்திரத்தின் வெளிச்சத்தோடு கலந்து கருவிக்குள் போனால், நட்சத்திரத்தின் கோடுகளுக்குப் பக்கத்தில் சூரியனின் கோடுகளும் விழும். பக்கத்து வானத்தைத் தனியாக அளந்து கழித்துவிட அந்தப் பழைய கருவியில் வசதி இல்லை. இருந்தாலும் எண்ணைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பூமி ஓடிக்கொண்டே இருப்பதால் எந்த நிறமாலைக்கும் ஒரு திருத்தம் போடுவோம். அன்றைய இரவுக்கு நான் போட்ட திருத்தம் நொடிக்கு இருபத்தொரு கிலோமீட்டர். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்னுடைய இரண்டாவது நட்சத்திரம் கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. ஏறக்குறைய பூஜ்யம். வானத்தில் அப்படி நம்மோடு சேர்ந்தே வருவது நிலா ஒன்றுதான். மொத்த ஆய்வகத்தையும் கூட்டி வைத்து நான் கண்டுபிடித்துச் சொன்னது நம் சூரியனை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சூரியனின் கோடுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு தொகுதி, ஊசி மாதிரி கூர்மையாக நின்றது. உடம்பு பெருக்கத் தொடங்கி, மேற்பரப்பில் அழுத்தம் குறைந்துவிட்ட நட்சத்திரத்தின் கோடுகள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சேரோமின் மங்கலான நிறமாலையால் நிரூபிக்க முடியாததை என்னுடையது நிரூபித்துக்கொண்டிருந்தது. 4417 ஒன்றுதான். அது விலகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்பது வருடமாக அதற்கான சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு 'சாதாரணம்' என்று எழுதி வைத்திருந்தேன்.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். யாருக்கும் தெரியாது. கில் அண்ணன் மலையை விட்டு இறங்குகிறவர் இல்லை. புதிய நிறமாலை எடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, நேர்காணல் நாளைக்கு. வேலை கிடைத்த பிறகு, ஐயோ தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டால் போயிற்று. யார் வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்கள்? சேரோமிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசி, அவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம் என்று அவள் அறைக்குப் போனேன்.

அவள் கறுப்புக் கோட்டில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா?" என்றாள்.

"எதை?"

"நிலாவை."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து கூட்டத்துலயே. படத்து மூலையில தேதி இருந்துச்சுல்ல. அந்த வருஷம் சுசோக்குக்கு எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு, அதனால அந்தத் தேதி எனக்கு மறக்காது. ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன், பத்து நிமிஷம் ஆச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"எல்லார் முன்னாடியும் எப்படிக்கா? நீங்க எவ்வளவு பெரியவங்க. நீங்களே பாத்துடுவீங்கன்னு தெரியும்."

"பாக்கலன்னா? பாத்துட்டும் நான் சொல்லலன்னா? நாளைக்கு வேலை போயிடுமேடி உனக்கு!"

அவள் கோட்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். "போனாப் போகட்டும்கா. எனக்கு வேற எங்கயாவது கெடச்சிடும். உங்களுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பாதி வாக்கியம் எனக்குள் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மாட்டிவிட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் என்மேல் இரக்கப்பட்டுவிட்டாள். நட்சத்திரமும் அவளுக்கு, இளமையும் அவளுக்கு, கருத்தரங்கில் சிரிப்பும் அவளுக்கு, இப்போது விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மையும் அவளுக்கா? இனி ஆயுசு முழுக்க நான் அந்த வேலையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இது சேரோம் போட்ட பிச்சை என்று எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்குமா? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். நடுவில் பாங். வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர், என் விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "புதன்கிழமை நீங்க கண்டுபிடிச்சதைப் பத்தி பேராசிரியர் சொன்னார். பிரமாதம். அதுல இருந்தே ஆரம்பிக்கலாமா?" என்றார்.

ஆரம்பித்தேன். அந்த இரவு சுசோக் என்றேன். நாலு பேரும் நிமிர்ந்தார்கள், அதற்குமேல் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

"நிலாவா?" என்றார் பாங்.

"நிலாதான் சார்."

"சரி, அதைக் கழிச்சிட்டா மிச்சம் என்ன?"

கழித்த படத்தைக் காட்டினேன். கூர்மையான ஒற்றைத் தொகுதி. "சேரோம் சொன்னதுதான் சரி. இது ஒத்தை நட்சத்திரம், வரிசையை விட்டு விலகிக்கிட்டு இருக்கு. அவ சொன்னதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது," என்றேன். ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி வந்தது.

பாங் மெதுவாகக் கேட்டார். "இதை நீ அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். இன்னைக்கே சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன் சொன்னே?"

"அவ தெரிஞ்சும் வாயைத் தொறக்கல சார். அதை என்னால தாங்கிக்க முடியல."

அவர்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மையார் தாளில் ஏதோ எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. 'நேர்மையானவர்' என்று எழுதியிருந்தார். எனக்கு அதை அடித்துவிட்டுச் சரியான சொல்லை எழுத வேண்டும்போல் இருந்தது. நன்றி சொல்லி எழுந்தேன். நாலு பேரும் எழுந்து நின்று, ஓய்வுபெற்றுப் போகிற ஒரு மூத்தவருக்குக் குனிகிற அளவுக்குக் குனிந்தார்கள். வேலை இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

வெளியே சேரோம் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"உன் நட்சத்திரம் ஒண்டிக்கட்டைதான். உள்ள காட்டிட்டு வந்திருக்கேன். நிலாவைக் கழிச்ச படத்தை உனக்கும் அனுப்பியாச்சு," என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கட்டுரையில உங்க பேரு..."

"முதல்ல உள்ள போ. கூப்பிடுறாங்க பாரு."

பெரிய காரியம் செய்துவிட்டேன், இனிமேலாவது மனசு ஆறும் என்று எதிர்பார்த்தேன். ஆறவில்லை. அழும்போதும் சிவக்காத அவள் மூக்கைப் பார்த்து எரிச்சலாக வந்தது. கதவு சாத்திக்கொண்டது. என் பையில் இருந்த கோப்பைத் திறந்து, 4417க்கு நேரே 'சாதாரணம்' என்று இருந்ததைப் பேனாவால் அடிக்கப் போனேன்.

அப்போது உள்ளே பாங் ஏதோ கேட்டார், அவள் ஏதோ பதில் சொன்னாள், நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் போன நாலு நேர்காணல்களிலும் ஒரு தடவைகூட யாரும் சிரித்ததில்லை.